படிக்கட்டுகள் மட்டுமே உள்ள வீடு: ‘ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்’ நாவலைப் படிக்கவும் கைமாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வில்லியம் ஸ்லேட்டரின் ‘ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்’ நாவலை இதுவரை நான்கு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் மூன்றும் இரவல் போனவை, திரும்பவில்லை. நான்காவது பிரதி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. யாராவது கேட்டால், எப்படித் தேடினால் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அப்படிச் சொல்லிச் சொல்லி, எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது, படித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று ஒரு நீண்ட உபதேசமே சேர்ந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

1974-ல் அமெரிக்காவில் வெளியான புத்தகம் இது. பதின்வயதினருக்காக எழுதப்பட்டது. டிஸ்டோப்பியன், அதாவது கொடிய எதிர்காலச் சமூகத்தைக் காட்டும் கதை, என்று சொல்லி விற்கிற காலம் அப்போது வந்திருக்கவில்லை. 2008-க்குப் பிறகு அந்த வகை நாவல்கள் அலை அலையாக வந்தபோது இந்தப் பழைய ஒல்லிப் புத்தகத்தை யாரும் முன்வரிசைக்கு எடுத்து வரவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள முடிகிறது. இதில் அரசைக் கவிழ்க்கும் நாயகி இல்லை, இருவரில் யாரைக் காதலிப்பது என்ற தவிப்பு இல்லை, இரண்டாம் பாகமும் இல்லை. பதினாறு வயதில் ஐந்து அநாதைகள், கணக்கில்லாத படிக்கட்டுகள், ஒரு இயந்திரம். அவ்வளவுதான் சரக்கு. அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஸ்லேட்டர் செய்திருப்பதை, அறுநூறு பக்கம் எழுதி ஒரு நாட்டையே வரைபடம் போட்டுக் காட்டுகிற நாவல்கள் பலவற்றில் நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. கீழே ‘படித்து முடித்தவர்களுக்கு’ என்று ஒரு தலைப்பு வரும். அதுவரை கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்க மாட்டேன். அங்கே வந்ததும் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் இந்தக் கட்டுரையில் எங்கேயுமே சொல்லப்போவதில்லை.

முதலில், சரியான புத்தகத்தைப் பிடியுங்கள்

இதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. இதே தலைப்பில், முன்னால் ஒரு ‘தி’ மட்டும் சேர்த்து, 1988-ல் பார்பரா வைன் எழுதிய ஒரு குற்ற நாவல் இருக்கிறது. அது பெரியவர்களுக்கானது, நல்ல நாவல்தான், ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை. தலைப்பை மட்டும் போட்டுத் தேடினால் பாதி நேரம் அதுதான் வந்து நிற்கும். ஆகவே ஆசிரியர் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். படங்களில் தேடினால் எஷர் என்ற டச்சு ஓவியர் 1951-ல் வரைந்த அதே பெயருள்ள கல்லச்சு ஓவியம் வரும். மேலும் கீழும் குழம்பி, ஒருவர் தரை இன்னொருவருக்குச் சுவராகிற அந்த ஓவியத்தைப் பார்த்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. நாவலின் இடம் எப்படிப்பட்டது என்று சட்டென்று புரியும்.

பழைய புத்தகம் என்பதால் எப்போதும் புதிதாக அச்சில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய பிரதி தாராளமாகப் போதும். நூலகத்தில் இல்லை என்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்கள் பயப்பட வேண்டாம். வாக்கியங்கள் குட்டையானவை, பேச்சு நிறைய, இருநூறு பக்கம்கூட வராது. அகராதி பக்கத்தில் இல்லாமலே என் அக்கா மகன் பதின்மூன்று வயதில் படித்து முடித்தான்.

பின்னட்டையைப் படிக்காதீர்கள்

கையில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, புத்தகத்துக்கு ஒரு பழுப்புத்தாள் அட்டை போடுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த நாவலின் பின்னட்டை வாசகமும், நூலகப் பட்டியலில் வரும் ஒரு வரிச் சுருக்கமும், நாவல் கடைசிவரை பொத்தி வைக்கிற விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகின்றன. விளக்கவுரை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதினால் யார் வாங்குவார்கள்?

ஆசிரியரே சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு குறும்பு செய்திருக்கிறார். அதைப் படிக்கலாம். ஆனால் அந்த ஒற்றை வரிக்கு என்ன பொருள் என்று அப்போது யோசிக்க வேண்டாம். முடித்த பிறகு திரும்பி வந்து படித்தால் சிரிப்பும் வராது, அழுகையும் வராது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தொண்டையில் நிற்கும்.

இரண்டு அமர்வு போதும்

ஒரே மூச்சில் படித்துவிடலாம், நாலைந்து மணி நேர வேலை. ஆனால் அப்படிப் படிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரே மூச்சில் படித்த என் நண்பர் ஒருவர், ‘விறுவிறுப்பா இருந்தது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். விறுவிறுப்பு இந்த நாவலின் சிறப்புகளில் கடைசி. ஐந்து பேருக்கும் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்து, ஒருவித அமைதி வருகிற இடம் ஒன்று நாவலின் நடுவில் இருக்கிறது. அங்கே மூடி வையுங்கள். குறைந்தது ஒரு ராத்திரி இடைவெளி விடுங்கள். எதற்கு இந்த இடைவெளி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் வருபவன் பீட்டர். கண்ணைக் கட்டி அழைத்து வந்து விட்டிருக்கிறார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சுவர் இல்லை, கூரை இல்லை, கீழே தரையும் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் படிக்கட்டுகளும், அவற்றுக்கு நடுவே சிறு மேடைகளும். பயந்த சுபாவக்காரன். கஷ்டம் வந்தால் பழைய நண்பன் ஜாஸ்பரை நினைத்துக்கொண்டு மனதுக்குள் ஒளிந்துகொள்வான். அவனைக் கண்டுபிடிப்பவள் லோலா. முரட்டுப் பேச்சு, கூர்மையான புத்தி, யாருக்கும் அடங்காதவள். இவர்களோடு அழகான, யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத அபிகெய்ல். எல்லோருக்கும் பிடித்துப்போகிற, அது தனக்கும் தெரிந்த ஆலிவர். பணக்கார வீட்டில் செல்லமாக வளர்ந்து, சமீபத்தில்தான் அநாதையான ப்ளாஸம்.

படிக்கத் தொடங்கி ஐவரும் வந்து சேர்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் ஐந்து பெயரையும் எழுதி, இவர்களில் யார் கடைசிவரை நிமிர்ந்து நிற்பார், யார் முதலில் உடைவார் என்று வரிசை போட்டு மடித்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுங்கள். நான் முதல் தடவை போட்ட வரிசையில் ஒரே ஒரு பெயர்தான் சரியான இடத்தில் இருந்தது.

வெளியுலகம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி ஸ்லேட்டர் உட்கார்ந்து விளக்கவே மாட்டார். இவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதிலிருந்து நீங்களேதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அநாதை விடுதிகள் எப்படி இருந்தன, நல்ல சாப்பாடு யாருக்குக் கிடைத்தது, யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று கவனித்தால் போதும். ஒரு நாடு முழுவதும் ஐந்து பேரின் புலம்பல் வழியாகவே தெரிந்துவிடுகிறது. டிஸ்டோப்பியன் நாவல் எழுத நினைப்பவர்கள் இந்த ஒரு வித்தையையாவது இதிலிருந்து திருடிக்கொள்ளலாம்.

நோட்டில் இரண்டு கட்டம்

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி. மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

மேடைகளில் ஒன்றில் ஒரு இயந்திரம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும், உணவுத் துண்டு விழும். அந்த வீட்டில் உணவுக்கு வேறு வழி கிடையாது. பீட்டரும் லோலாவும் ப்ளாஸமை முதன்முதலில் பார்க்கும்போது அவள் அந்த இயந்திரத்தின் பக்கத்தில்தான் இருக்கிறாள். பசி, கோபம், அவமானம் எல்லாம் சேர்ந்து அவள் அதைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள், அது சோறு போடுகிறது. சரி, நாக்கை நீட்டினால் சாப்பாடு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம், அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்திலிருந்து நோட்டை எடுங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், உணவு விழுவதற்குச் சற்று முன் யார் என்ன செய்தார்கள். வலப்பக்கம், விழுந்ததா இல்லையா. என் நோட்டின் முதல் வரிகள் இப்படி இருந்தன: ‘நாக்கு நீட்டல், விழுந்தது. அதே நாக்கு, விழவில்லை. யாரோ நகர்ந்தார்கள், விழுந்தது(?)’. கேள்விக்குறிகள் பெருகிக்கொண்டே போகும். போகட்டும். உணவுக்கு முன் கேட்கிற ஒலிகள், யார் அப்போது எங்கே நின்றார்கள், யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார்கள், எதையும் விடாதீர்கள்.

இரண்டாம் அமர்வில், அதாவது ஒரு ராத்திரி கழித்துத் தொடரும்போது, வலப்பக்கத்தில் ‘விழவில்லை’ என்பது திடீரென்று கூடும். அங்கே நிறுத்தி, நாவலில் வருபவர்கள் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலுங்கள். நான் பத்து நிமிடம் வெறித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. லோலாவுக்குப் பிடிபடுகிறது. அவள் அதைச் சொல்லும் வரியைப் படித்தபோது, நோட்டில் நானே என் கையால் எழுதிவைத்த விஷயத்தைத்தான் அவள் சொல்கிறாள் என்று தெரிந்து கொஞ்சம் கூசிப்போனேன்.

இளையவர்களுக்குக் கொடுக்கும் முன்

கதைக்குள் ரத்த ஆறு ஓடாது. ஆனால் கொடுமை உண்டு. அதுவும் அடுத்த மனிதரின் பலவீனம் எது என்று தெரிந்து அங்கேயே குத்துகிற கொடுமை. பட்டினியை மிக நெருக்கத்தில் காட்டுகிறார். தண்ணீர் குடிப்பதும் இயற்கை உபாதையும் மறைவே இல்லாத இடத்தில் நடக்க வேண்டியிருப்பதால் வருகிற கூச்சமும் அவமானமும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. சாப்பாட்டோடு ஏற்கெனவே சிக்கலில் இருக்கிற பிள்ளைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ப்ளாஸமின் பருமனை ஸ்லேட்டர் எழுதுகிற விதம் இன்றைக்குப் படிக்க எரிச்சலாக இருக்கிறது. உடல் பெருத்தவள் என்றால் பேராசைக்காரி, சூழ்ச்சிக்காரி என்று கோடு போட்டுவிடுகிறார். மற்ற நால்வரிடமும் காட்டுகிற நுணுக்கம் அவள் விஷயத்தில் பல இடங்களில் காணாமல் போகிறது. இதைத் தவிர எனக்குப் பெரிய புகார் இல்லை.

படித்து முடித்தவர்களுக்கு

சரி, முடித்துவிட்டீர்களா? செருகி வைத்த தாளைப் பிரித்துப் பாருங்கள். பிறகு சமர்ப்பணப் பக்கத்துக்குப் போங்கள். இந்த நாவல் எலிகளுக்கும் புறாக்களுக்கும் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இவர்களுக்கு முன்பே அந்த இடத்துக்குப் போய் வந்தவை அவைதான்.

இப்போது பி. எஃப். ஸ்கின்னர் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும். முன்னால் படித்திருந்தால் கதையின் சுவாரசியம் பாதியாகியிருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த உளவியலாளர் அவர். ஸ்லேட்டர் பட்டம் வாங்கியதும் அதே ஹார்வர்டில்தான். மணி அடித்ததும் எச்சில் ஊறுகிற பாவ்லோவின் நாயை எல்லோருக்கும் தெரியும். அங்கே நாய் எதையும் செய்யத் தேவையில்லை, எச்சில் தானாக ஊறுகிறது. ஸ்கின்னர் பார்த்தது வேறு. பெட்டிக்குள் இருக்கும் எலியோ புறாவோ தானாக ஏதாவது செய்யும். அதில் நமக்கு வேண்டியதைச் செய்யும்போது மட்டும் உணவு கொடுத்தால், அந்தச் செயல் கூடும். வேண்டிய செயலுக்குப் பக்கத்தில் வந்தாலே முதலில் கொடுப்பது, பிறகு இன்னும் பக்கத்தில் வந்தால்தான் கொடுப்பது என்று மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய், பிராணி ஒருபோதும் தானாகச் செய்திராத ஒன்றைச் செய்ய வைத்துவிடலாம்.

உங்கள் நோட்டைத் திறந்து நாவலின் முதல் பாதியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாக்கை நீட்டியதில் தொடங்கி, ஐந்து பேரும் ஒன்றாக ஆடுகிற அந்த நடனம் உருவாகிற வரை, படிப்படியான இழுப்புதான். ஒருவருக்கு ஒரு திரும்பல், இன்னொருவருக்கு ஒரு குதிப்பு என்று ஆளுக்கொரு அசைவு வந்து ஒட்டிக்கொள்கிறது. யாரும் அவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை. பசிதான் நட்டுவனார்.

1948-ல் ஸ்கின்னர் வெளியிட்ட ஒரு புறாச் சோதனை இந்த நடனத்துக்கு இன்னும் நெருக்கமானது. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒரு முறை உணவு வரும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு தெளிவான, விசித்திரமான பழக்கங்களை வளர்த்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று தலையை மேல்மூலையில் முட்ட நீட்டியது. உணவு வந்தபோது தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் உணவு வந்தது என்பதுபோல அதையே திரும்பத் திரும்பச் செய்தது. ஸ்கின்னர் இதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்காமல் மறுபரிசீலனை செய்ததுண்டு. ஆனால் கேள்விக்குறிகளோடு நோட்டு எழுதிய நாம் அந்தப் புறாவின் நிலையில்தான் இருந்தோம் என்பதை மறுக்க முடியாது. நான் நடுவில் ஒரு முழுப் பக்கத்துக்கு, அபிகெய்ல் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நம்பி எழுதியிருந்தேன்.

இன்னொரு விஷயம், எப்போது உணவு கிடைக்கும் என்பது பற்றியது. ஒவ்வொரு தடவையும் கிடைத்துவிட்டுத் திடீரென்று நின்றுபோனால் பிராணி சீக்கிரமே செயலை விட்டுவிடும். சில தடவை கிடைத்து, சில தடவை கிடைக்காமல் போனால், முழுதாக நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் செய்துகொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாமல் போவதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். (இந்த இடத்தில் கைபேசியைச் சொல்லாமல் யாரும் கட்டுரை எழுதுவதில்லை. நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.) இயந்திரம் கஞ்சத்தனம் பண்ணத் தொடங்கியதும் ஐவரும் அதை விட்டு விலகாமல் இன்னும் ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள்.

நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி விடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நடனம் சரியாக வந்து, சாப்பாடும் கிடைத்து, ஐந்து பேரும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் இடத்தில் நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். ‘பரவாயில்லை, பிழைத்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்போடு தூங்கப் போகிறோம். சுவரில்லாத சிறையில் சோற்றுக்கு ஆட்டம் போடுவது ஒரே நாளில் நமக்குப் பரவாயில்லை ஆகிவிட்டது. மறுநாள் இயந்திரம் நடனத்துக்குப் பலன் தருவதை நிறுத்தி, ஒருவரை ஒருவர் நோகடித்தால் மட்டும் தருகிறது என்று தெரியவரும்போது, நேற்றைய நிம்மதி எதற்கு வழிவிட்டது என்பது உறைக்கிறது. ஒரே மூச்சில் படித்தால் இது உறைக்க நேரமே இருக்காது.

நாவல் வந்த வருடம்

1974 என்பதைச் சும்மா ஒரு எண்ணாக விட்டுவிட வேண்டாம். மில்கிராம் என்ற உளவியலாளர் 1961-ல் தொடங்கிய சோதனைகளின் முக்கியமான சுற்றில், 40 பேரில் 26 பேர் அதிகாரி சொன்னார் என்பதற்காக, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். எதிர்முனையில் இருந்தவருக்கு உண்மையில் மின்சாரம் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய சோதனை, 14 நாள் நடக்க வேண்டியது, 6 நாளில் நிறுத்தப்பட்டது. அதே 1971-ல்தான் மனிதச் சுதந்திரம் என்ற எண்ணத்தையே கேள்வி கேட்ட ஸ்கின்னரின் புத்தகமும் வந்து பெரிய சர்ச்சை கிளம்பியது.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது டஸ்கீகி. அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1972-ல் பத்திரிகைகளில் வெளியாகி நாடே கொதித்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை நெறிப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1974 ஜூலையில் கையெழுத்தானது. நாவலும் அதே வருடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து பேரும் ஏன் அநாதைகளாக இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். முதல் வாசிப்பில் அது பரிதாபத்துக்காகச் சேர்த்த விவரம்போலத் தெரியும். இவர்களுக்காக வந்து கேட்க யாரும் இல்லை என்பதால்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு விவரத்திலேயே அந்த அரசு எப்படிப்பட்டது என்பது முழுதாக வந்துவிடுகிறது.

இரண்டாம் வாசிப்பு, மெதுவாக

இந்தத் தடவை நோட்டு வேண்டாம். பீட்டரை மட்டும் பின்தொடருங்கள். முதல் தடவை அவன் மனதுக்குள் ஒளிந்துகொள்வதை நாம் பலவீனம் என்று எடுத்துக்கொண்டோம். இயந்திரத்தின் வேலை அவனிடம் ஏன் மற்றவர்களிடம்போலச் செல்லுபடியாகவில்லை, லோலா அவனுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறாள், அவன் அவளுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போங்கள். இயந்திரத்தை விட்டு விலகிப் போய்ப் பட்டினி கிடப்பது என்று இருவரும் எடுக்கிற முடிவில் வீர வசனம் எதுவும் கிடையாது. பசியில் இருப்பவர்கள் வசனம் பேச மாட்டார்கள் என்று ஸ்லேட்டருக்குத் தெரிந்திருக்கிறது. ஜாஸ்பர் மீது பீட்டருக்கு இருந்தது எந்தவிதமான அன்பு என்பதையும் இந்தத் தடவை யோசித்துப் பாருங்கள். நாவல் அதற்குப் பெயர் வைக்கவில்லை, நானும் வைக்கப்போவதில்லை.

ஸ்லேட்டர் பாஸ்டன் பாலே குழுவில் பல ஆண்டுகள் ஒத்திகைப் பியானோ வாசித்தவர். ஒரே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க, எதிரே உடல்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிற வேலை. நாவலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நடனப் பகுதிகளைப் படிக்கும்போது அந்தப் பியானோ என் காதில் கேட்காமல் இருந்ததில்லை.

அவருடைய மற்ற நாவல்களுக்குப் போக விரும்பினால் 1984-ல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர் பிக்’ நல்ல வாசல். அது வேடிக்கையான, விளையாட்டுத்தனமான புத்தகம், அடுத்தடுத்துப் படித்தால் இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா என்று சந்தேகம் வரும். 2011-ல் அவர் இறந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை விட்டுச் சென்றிருந்தார்.

கைமாற்றும் கலை

பிடித்த புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுக்கும்போது நாம் செய்கிற பெரிய தப்பு, அதிகம் பேசுவது. நான் முதல் பிரதியைக் கொடுத்தபோது ஸ்கின்னரிலிருந்து தொடங்கி இருபது நிமிடம் பிரசங்கம் பண்ணினேன். வாங்கிக்கொண்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, படிக்காமலேயே எங்கோ தொலைத்துவிட்டார். இரண்டாவது ஆளிடம், ‘கடைசிப் பக்கம் பிரமாதம்’ என்றேன். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டார். என் எதிரிலேயே.

இப்போது சொல்வது இவ்வளவுதான்: ‘ஐந்து பேர் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சின்னப் புத்தகம். பின்னட்டையைப் படிக்காதே.’ படிக்காதே என்று சொன்னால் ஒரு ஆர்வம் வருகிறது, பழுப்புத்தாள் அட்டை அதை இன்னும் கிளறிவிடுகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சண்டைக் காட்சியும் பெரிய உலகமும் எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பள்ளியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து யாரையாவது கேலி செய்துவிட்டு, பிறகு ராத்திரி தூக்கம் வராமல் புரண்ட அனுபவம் உள்ளவருக்குக் கொடுங்கள். அதாவது, கிட்டத்தட்ட யாருக்கு வேண்டுமானாலும்.

ஐந்து பேர் சேர்ந்து படிப்பது

முடிந்தால் சரியாக ஐந்து பேரைச் சேருங்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் பக்கம் நின்றே பேச வேண்டும் என்று விதி வைக்கலாம். ப்ளாஸத்தை எடுத்துக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அவளுக்கு வக்கீலாக மாட்டிக்கொண்டவர்தான் பெரும்பாலும் நன்றாகப் பேசுவார், ஏனென்றால் ஆசிரியர் விட்டுவைத்த நியாயத்தை அவர் தேடி எடுத்தாக வேண்டும். முதல் கூட்டம் நடு இடைவெளியில், இரண்டாவது கூட்டம் முடித்த பிறகு.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்யலாம். க்ரீன்ஸ்பூன் என்ற ஆய்வாளர் 1955-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. எதிரே இருப்பவர் தோன்றிய சொற்களையெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர் பன்மைச் சொல் சொல்லும்போதெல்லாம் ஆய்வாளர் ‘ம்ம்’ என்பார். பன்மைச் சொற்கள் கூடின. இதை வைத்து நான் ஒரு முறை, யாராவது இன்னொருவரின் கருத்தை மறுத்துப் பேசினால் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தலையசைப்பது, ஒத்துப்போய்ப் பேசினால் குனிந்து புத்தகத்தைப் புரட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அரைமணி நேரத்தில் கூட்டம் சூடாகிவிட்டது. அபிகெய்லின் பக்கம் நின்றவர் ஆலிவரின் பக்கம் நின்றவரைப் பார்த்து, ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று சொல்லும்வரை போய்விட்டது. இது விஞ்ஞானம் இல்லை, அவர்கள் இயல்பிலேயே சண்டைக்காரர்களாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் செய்தாலும் அதற்கு மேல் இழுக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான்கு பேர் சிரித்தார்கள். லோலாவின் பக்கம் நின்றவர் சிரிக்கவில்லை. இப்போதும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தற்செயலாகத் தலையை அசைத்தால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்.